படத்தில் ஓர் ஆள் குறைகிறது

எங்கள் தெருமுனைப் பூங்காவைக் குடும்பங்களுக்கு ஏற்ற இடமாக மாற்றப்போவதாகக் குடியிருப்போர் சங்கம் அறிவித்தபோதுதான், அதுவரை அங்கே வந்துகொண்டிருந்தவர்கள் எல்லாரும் முட்டையிலிருந்து பொரிந்தவர்கள் என்பது எங்களுக்குத் தெரியவந்தது.

முதல் வேலையாக மரத்தடி பெஞ்சுகளைப் பெயர்த்து வெயிலில் நட்டார்கள். நிழலில் உட்கார்ந்தால் காதல் வருகிறது என்பது சங்கத்தின் கண்டுபிடிப்பு. அடுத்து கேட்டில் ஒரு பலகை மாட்டினார்கள். ‘குடும்பத்துடன் வருவோருக்கு மட்டும்.’ எழுத்துக்குக் கீழே ஒரு படம்: அப்பா, அம்மா, பையன், பெண். பையன் கையில் ஒரு பலூன். நான்கு பேரும் பல் டாக்டரிடமிருந்து நேராக இங்கே வந்தவர்களைப் போலச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

பலகையைக் காக்க ஒரு காவலாளி வந்தார். முன்பு தியேட்டரில் டிக்கெட் கிழித்தவர். தியேட்டரை இடித்துவிட்டார்கள், பழக்கம் மட்டும் கையில் மிச்சம். யார் வந்தாலும் ஆள்காட்டி விரலை நீட்டித் தலைகளை எண்ணுவார். கணக்குச் சரியாக இருந்தால், இல்லாத டிக்கெட்டைக் காற்றில் கிழித்து உள்ளே விடுவார். சங்கத் தலைவர் அவருக்குக் கொடுத்த உத்தரவு ஒன்றே ஒன்று: “படத்துல இருக்கற மாதிரி வந்தா விடு.” காவலாளி அதை அப்படியே பிடித்துக்கொண்டார். ஒரே குழந்தையோடு வருகிற தம்பதியைப் பார்த்து, “ஒரு சீட் காலி, பரவால்ல போங்க” என்பார். மூன்று குழந்தைகள் என்றால், “எக்ஸ்ட்ரா சேர் போட்டுக்கலாம்” என்பார்.

காதலர்கள் அசரவில்லை. அக்கம்பக்கத்துக் குழந்தைகளை இரவல் வாங்கிக்கொண்டு வந்தார்கள். என் வகுப்பில் ஒருவன் ஒரே வாரத்தில் மூன்று வெவ்வேறு குழந்தைகளுக்கு அப்பாவானான். காவலாளி அவனுக்கு எழுந்து நின்று மரியாதை செய்தார்.

ஆக, பலகையால் தடுக்க முடிந்தது என் அக்காவை மட்டும்தான்.

அக்கா ஓட்டுநர் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுத் தருகிறாள். பழகுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில், காலடியில் இன்னொரு பிரேக்கோடு உட்கார்ந்திருக்கும் வேலை. ஊரில் உள்ள பயம் முழுவதையும் அவள் வலது கால் சுமக்கிறது. அதனால் வீட்டில்கூட ஏதாவது தவறாகப் போனால் அந்தக் கால் தானாகத் தரையை மிதிக்கும். பால் பொங்கினால் மிதிக்கும். நான் தேர்வு முடிவைச் சொன்னால் மிதிக்கும்.

போன மழைக்காலத்தில் அவள் இரண்டு பெட்டிகளோடும் வண்டோடும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். வண்டு அவள் மகள், நாலு வயது, ஓயாத ரீங்காரத்தால் வந்த பெயர். ஏன் வந்தாய் என்று அம்மா கேட்டதற்கு அக்கா ஒன்றுதான் சொன்னாள்.

“ஸ்டியரிங் என் கையிலதாம்மா இருந்துச்சு. பிரேக் முழுக்க அவர் காலுக்கு அடியில.”

பிறகு விவாகரத்தும் முறைப்படி ஆகிவிட்டது. அத்தான் இரண்டு பஸ் ஸ்டாப் தள்ளி, குளியலறை டைல்ஸ் விற்கும் கடையில் வேலையில் இருந்தார். இப்போதும் இருக்கிறார்.

வண்டுக்குப் பூங்காவில் சறுக்கு மரம் வேண்டும். ஒரு மாலை அக்கா அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போனேன். எங்கள் வீட்டில் எனக்கு வாய்த்த பதவி அது.

காவலாளி விரலை நீட்டினார். அக்காவின் தலை, வண்டின் தலை, பிறகு என் தலை. விரல் என் மேலேயே கொஞ்ச நேரம் நின்றது.

“இந்தத் தம்பி?”

“என் தம்பி” என்றாள் அக்கா.

“அப்ப பலூன் பையன் கணக்குல சேர்த்துக்கறேன். சார் பின்னாடி வர்றாராம்மா?”

“இல்ல.”

“வண்டிய நிறுத்திட்டு வருவாரா?”

“வரமாட்டார்.”

“இன்னைக்கு வரமாட்டாரா?”

“என்னைக்கும் வரமாட்டார் அண்ணே. நாங்க பிரிஞ்சிட்டோம். கேட்டத் திறங்க.”

காவலாளி திரும்பிப் பலகையை ஒரு முறை பார்த்தார். படத்து அப்பா சிரித்தார்.

“படத்துல ஓர் ஆள் குறையுதேம்மா” என்றார். அவர் கெட்டவர் இல்லை. குரலைத் தாழ்த்தி, வழியும் சொல்லிக்கொடுத்தார். “பிரிஞ்சிட்டோம்னு எல்லாம் எதுக்கு? வெளியூர்ல இருக்காருன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, விட்டுடறேன். வெளியூர்னா அது குடும்பந்தான். உங்கம்மாவே அப்படித்தானே எல்லார்கிட்டயும் சொல்றாங்க. மாப்பிள்ளை ஏதோ பெரிய பதவியாமே?”

அக்காவின் வலது கால் பூங்கா வாசலில் ஓங்கி இறங்கியது. ஒரு காக்கை எழுந்து பறந்தது.

“நான் சொல்ல மாட்டேன்” என்றாள்.

“ஒரே ஒரு வார்த்தைதானே?”

“அந்த ஒரு வார்த்தையச் சொல்லாம உள்ள போறேன் அண்ணே. பாருங்க.”

சொல்லிவிட்டு வண்டைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தாள். வண்டு எனக்குக் கேட்கும்படி, “மாமா, சறுக்கு மரம் அந்தப் பக்கம்” என்று விரலை நீட்டியது. அதன் விரலும் சரியான திசையைத்தான் காட்டியது.

இப்போது என் அம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அம்மாவுக்கு ஒரு பெரிய மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் தொலைபேசி எடுக்கும் வேலை. டாக்டர் எங்கே என்று கேட்டால், தூங்குகிறார் என்றோ சாப்பிடப் போய்விட்டார் என்றோ அங்கே சொல்லக் கூடாது. “டாக்டர் ரவுண்ட்ஸ்ல இருக்காருங்க” என்று சொல்ல வேண்டும். காணாமல் போன ஆண்களுக்கு இருபது வருடமாக மரியாதையான இடங்களைக் கண்டுபிடித்துக் கொடுத்தவள் அம்மா. தெருவில் முதல் ஆள், “மாப்பிள்ளை எங்க, ஆளையே காணோம்?” என்று கேட்டபோது அந்தத் தொலைபேசிக் குரல் தானாக வந்துவிட்டது: “வெளியூர்ல இருக்காருங்க.”

சும்மா வெளியூரில் இருக்க முடியுமா? வேலை வேண்டும் என்பதால் அம்மா அவரைக் கிளை மேலாளர் ஆக்கினாள். இவ்வளவு நாள் ஏன் வரவில்லை என்று கேட்டார்கள். மண்டல மேலாளர் ஆக்கினாள். போனாவது பேசுகிறாரா என்று கேட்டபோது மண்டலங்கள் எல்லாம் அவர் கையின் கீழ் வந்துவிட்டன. டைல்ஸ் கடையில் பதினைந்து வருடம் நின்றாலும் கிடைக்காத பதவி உயர்வை, மாமியார் ஒருத்தி மளிகைக் கடை வாசலில் நின்றபடியே வாங்கிக் கொடுத்தாள்.

“ஏம்மா சொன்ன?” என்று பூங்கா வாசலிலிருந்து திரும்பியதும் அக்கா கேட்டாள்.

“உனக்காகத்தான். நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்க.”

“பேசட்டும். எனக்குத் தினமும் நாலு பேர் நாலு பக்கம் வண்டிய வளைக்கறாங்க. அதுக்கே நான் பயப்படல.”

“சாயங்காலத்துல ஒரு மணி நேரம் பூங்காவுக்குப் போறதுக்கு உனக்கு இவ்வளவு வீம்பா? வெளியூர்னு சொன்னா வாயில இருக்கற முத்தா உதிர்ந்துடும்?”

“முத்து உதிராது. வண்டு கேட்டுட்டு நிக்குதும்மா. அப்பா டைல்ஸ் கடையில இருக்கறது அதுக்குத் தெரியும். கேட்டு வாசல்ல ஒரு அப்பா, வீட்டுல ஒரு அப்பான்னு நான் அதுக்கு ரெண்டு பாடம் எடுக்கணுமா?”

அம்மா என் பக்கம் திரும்பி, “நீ எதுக்குடா இங்க நிக்கற, படி” என்றாள். வீட்டில் தோற்கிறவர்கள் என்னைப் படிக்கச் சொல்வது வழக்கம்.

மறுவாரம் சங்கத் தலைவர் எங்கள் வீட்டுக்கே வந்தார். கையில் மைக் இல்லாவிட்டாலும் இருப்பதுபோல வாயிலிருந்து ஒரு சாண் தள்ளியே பேசுவார். பூங்காவுக்குப் புது ஊஞ்சல் வாங்கியிருக்கிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. வருவதாகச் சொன்ன பிரமுகர் காலை வாரிவிட்டாராம்.

“அப்பத்தான் தோணிச்சு. வெண்ணெயைக் கையில வெச்சுக்கிட்டு நெய்க்கு ஏன் அலையணும்? நம்ம தெரு மருமகன் ஒருத்தர் இவ்வளவு பெரிய பதவியில இருக்கும்போது? ஞாயித்துக்கிழமை வரச் சொல்லுங்க. அவர்தான் திறந்து வெக்கறார்.”

அம்மா ஏதோ மறுக்க வாயெடுத்தது பக்கத்து அறையில் இருந்த எனக்கே கேட்டது. ஆனால் பழக்கம் விடுமா? தொலைபேசிக் குரல் வந்தது. “லீவு கிடைக்குமான்னு கேட்டுப் பாக்கறேன் சார்.”

தலைவர் வாழ்க்கையில் இவ்வளவு தெளிவான சம்மதத்தைக் கேட்டதில்லை. மாலையே பூங்கா வாசலில் பேனர் கட்டிவிட்டார்கள். ‘நம் தெருவின் மருமகன் குடும்பத்துடன் வருகை தருகிறார்.’ அத்தானின் படம் கிடைக்காததால் பலகையில் இருந்த அப்பாவையே பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள். அத்தானைவிட அது எடுப்பாக இருந்தது.

அந்த நேரத்தில் அக்கா ஒரு மளிகைக் கடைக்காரருக்கு வண்டி பழக்கிக்கொண்டு அந்த வழியாகத்தான் வந்திருக்கிறாள். மூன்றாவது கியரில் சீராகப் போய்க்கொண்டிருந்த வண்டி, ஆளில்லாத சாலையின் நடுவே சடாரெனக் குலுங்கி நின்றதாம். “என்ன மேடம், யாராவது குறுக்க வந்தாங்களா?” என்று அவர் கேட்டாராம். “ஆமா, எங்க வீட்டுக்காரர்” என்றாளாம் அக்கா. அவர் இரண்டு நாள் வகுப்புக்கு வரவில்லை.

வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“காய்ச்சல்னு சொல்லிடலாம்” என்று அம்மாவே முந்திக்கொண்டாள்.

“வெளியூர்லயா காய்ச்சல்? அங்க அவருக்குக் கஞ்சி யாரு வெச்சுக் கொடுக்கறா? அதையும் சொல்லிடு.”

“விளையாடாதடி. என்னால தலைய வெளியில காட்ட முடியாது.”

“நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்கன்ன. இப்பப் பாரு, நாலு பேரும் ஒரே விதமா பேனர் கட்டியிருக்காங்க.” அக்கா உட்கார்ந்தாள். குரல் இறங்கியது. “அம்மா, அப்பா கப்பல்ல சமைக்கறாரு. வருஷத்துல ஒரு மாசம் வீட்டுல இருப்பாரு, அதுலயும் பாதி நாள் தூங்குவாரு. எங்க ரெண்டு பேரையும் நீ ஒத்தை ஆளாத்தான் வளர்த்த. உன்னை எவனாவது கேட்டுல நிறுத்தி ஆள் குறையுதுன்னு சொன்னானா?”

“அது வேற, இது வேற.”

“என்ன வேற?”

அம்மா யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள்; நான் பார்த்தேன். பிறகு எழுந்துபோய் அடுப்பைத் துடைத்தாள். அது ஏற்கெனவே துடைத்த அடுப்பு.

“குடும்பத்தோட வாங்கன்னுதானே கூப்பிட்டிருக்காங்க. போவோம்” என்றாள் அக்கா.

ஞாயிற்றுக்கிழமை காவலாளி புதுத் தொப்பி போட்டிருந்தார். விரலை நீட்டி எண்ணினார். அம்மா, அக்கா, வண்டு, பாட்டிலோடு நான்.

“சார்?”

“உள்ள போய்ச் சொல்றேன்” என்றாள் அக்கா. சிறப்பு விருந்தினர் வீட்டாரை நிறுத்த அவருக்கு உத்தரவு இல்லை. காற்றில் டிக்கெட்டைக் கிழித்தார்.

ஊஞ்சலுக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன். பக்கத்தில் சின்ன மேடை, மேடையில் மூன்று நாற்காலிகள். நடு நாற்காலியில் ஒரு பூங்கொத்து மட்டும் உட்கார்ந்திருந்தது. எங்களை முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். அத்தான் வண்டியை நிறுத்திவிட்டு வருவார் என்று யாரோ யாருக்கோ சொன்னார்கள். எங்களில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் கூட்டத்தில் ஒரு பொய்யை ஒருவரே தூக்க வேண்டியதில்லை, ஆளுக்கு ஒரு கை பிடிப்பார்கள்.

விருந்தினர் வரும்வரை தலைவர் பேசினார். அவருக்கு மைக் கிடைத்தால் சோறு தண்ணி வேண்டாம்.

“குடும்பம் என்பது என்ன? அதோ, அந்த ஊஞ்சல்தான் குடும்பம். ஒரு பக்கம் கணவன் என்னும் சங்கிலி, இன்னொரு பக்கம் மனைவி என்னும் சங்கிலி. நடுவில் குழந்தை என்னும் பலகை. ஒரு சங்கிலி அறுந்தால் என்ன ஆகும்? யோசித்துப் பாருங்கள்.”

கூட்டம் யோசித்தது. சில குழந்தைகள் ஊஞ்சலைப் பார்த்து முகத்தைச் சுளித்தன. அக்காவின் கால் புல்லை ஒரு முறை மிதித்தது. பிறகு அவள் எழுந்தாள். அம்மா அவள் சேலை நுனியைப் பிடித்தாள். பிடித்ததை என்ன காரணத்தாலோ விட்டுவிட்டாள்.

அக்கா மேடை ஏறி, தலைவர் கையிலிருந்த மைக்கை, பழகுகிறவரிடமிருந்து ஸ்டியரிங்கை வாங்குவதுபோல வாங்கிக்கொண்டாள். பிடுங்கவில்லை. அதற்கு ஒரு பக்குவம் உண்டு.

“வணக்கம். நம்ம தெரு மருமகன் வரல. அவர் வெளியூர்லயும் இல்ல. ரெண்டு ஸ்டாப் தள்ளி டைல்ஸ் கடையில இருக்காரு. நல்ல டைல்ஸ்தான், வேணுங்கறவங்க போய்ப் பாக்கலாம். நாங்க ரெண்டு பேரும் பிரிஞ்சிட்டோம். இதுல வெட்கப்பட எனக்கு ஒண்ணும் இல்ல. குடும்பத்தோட வாங்கன்னு கூப்பிட்டீங்க. வந்திருக்கோம். நானும் என் பொண்ணும் குடும்பம்.”

ஒலிபெருக்கி மட்டும் கீச்சிட்டது.

தலைவர் மைக் இல்லாமலே பேசினார். “அம்மா, இது விழா. சொந்த விஷயத்தை இங்க…”

“என் சொந்த விஷயத்தை வாசல்ல பேனராக் கட்டினது நீங்கதான் சார்.” அக்காவின் குரல் உயரவேயில்லை. “சங்கிலின்னு சொன்னீங்க. ஊஞ்சலுக்கு ரெண்டு சங்கிலி வேணும்தான். எனக்கும் ரெண்டு கை இருக்கு.”

இதற்குக் கைதட்டல் வந்திருக்கும் என்று நீங்கள் நினைக்கலாம். வரவில்லை. எங்கள் தெரு யாராவது முதலில் தட்டினால்தான் தட்டும். நான் தட்டினேன்; பாட்டில் கையில் இருந்ததால் சத்தம் வரவில்லை.

அதற்குள் வேறு ஒரு சத்தம். கிரீச், கிரீச். பேச்சு நீண்டதில் அலுத்துப்போன வண்டு, ரிப்பனுக்குக் கீழே குனிந்து போய்ப் புது ஊஞ்சலில் ஏறி உட்கார்ந்திருந்தது. அக்கா மைக்கை நடு நாற்காலியில் பூங்கொத்தின் மேல் வைத்துவிட்டு இறங்கினாள். ரிப்பனைக் கழற்றி மடித்து என்னிடம் கொடுத்தாள். பிறகு இரண்டு சங்கிலிகளையும் இரண்டு கைகளாலும் பிடித்து இழுத்து விட்டாள். ஊஞ்சல் திறக்கப்பட்டது.

மறுநாள் மருத்துவமனைத் தொலைபேசி விடிந்ததிலிருந்து அடித்ததாம். நோயாளிகள் இல்லை, எல்லாம் எங்கள் தெரு. ‘அடப் பாவமே’ என்று தொடங்கி, ‘இப்ப மாப்பிள்ளை எங்கதான் இருக்காரு?’ என்று முடிக்கிறவர்கள். மதியம் வரை அம்மா, “லைன் கிளியரா இல்லைங்க” என்றே சமாளித்திருக்கிறாள். மதியத்துக்கு மேல் ஒரு பெண்மணி, “ஒத்தை ஆளா ஒரு குழந்தையை வளர்த்து என்ன ஆகப்போகுது?” என்று கேட்டாளாம். அம்மா, “நான் ரெண்டு வளர்த்தாச்சு. நல்லாத்தான் இருக்குதுங்க” என்று சொல்லி ரிசீவரை வைத்துவிட்டாளாம். அதில் ஒன்று நான் என்பதால் அந்த வாக்குமூலத்தை நான் இன்னும் முழுதாக நம்பவில்லை.

சாயங்காலம் அக்கா வண்டுக்குத் தலை சீவினாள். “எங்க?” என்றேன். “பூங்காவுக்கு. நேத்து விருந்தாளியாப் போனோம். இன்னைக்குச் சும்மா போறோம்” என்றாள். அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். பாட்டிலில் தண்ணீர் பிடிக்க மறந்துபோய் நான் திரும்பி ஓடினேன்.

நான் மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது பேனர் இறங்கியிருந்தது; பலகை இருந்தது. கேட்டுக்கு உள்ளே தலைவர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். வெளியே காவலாளி, பாவம், விரலை நீட்டியபடி நின்றார். என்ன கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. தெரிந்ததையே கேட்டார்.

“சார் பின்னாடி…”

அக்கா வாயைத் திறக்கும் முன்னால் அந்தத் தொலைபேசிக் குரல் வந்தது. அதே மரியாதை, அதே பதம், இருபது வருட அனுபவம்.

“சார் வரமாட்டாருங்க. வெளியூர்லயும் இல்லைங்க. நான்தான் அப்படிச் சொல்லிட்டிருந்தேன், இனிமே சொல்ல மாட்டேன். டைல்ஸ் கடையில இருக்காரு. அவர் வந்தாத்தான் கேட்டு திறக்கும்னா நீங்க போய்க் கூட்டிட்டு வாங்க, அதுவரைக்கும் நாங்க உள்ள காத்திட்டிருக்கோம்.”

“இதெல்லாம் இப்படியே விட முடியாது” என்றார் தலைவர் உள்ளேயிருந்து. “நாளைக்குக் கமிட்டி கூடும்.”

“கூடட்டும் சார்” என்றாள் அக்கா. “நாளைக்கும் இதே நேரத்துக்கு வருவோம். அப்ப முடிவைச் சொல்லுங்க. கேட்டுக்கிட்டு ஊஞ்சல் ஆடறோம்.”

காவலாளி பலகையைப் பார்த்தார். தலைவரைப் பார்த்தார். வண்டு அவரைப் பார்த்து, தன் விரலை நீட்டித் தன் தலையைத் தானே தொட்டு, “ஒண்ணு” என்றது. அக்காவைத் தொட்டு, “ரெண்டு.” அம்மாவைத் தொட்டு, “மூணு.” பிறகு இரண்டு கைகளாலும் காற்றைக் கிழித்தது.

தொழில் தெரிந்த ஒருவர், டிக்கெட் கிழிந்த பிறகு ஆளை நிறுத்த மாட்டார். கேட்டு திறந்தது. மூன்று பேரும் உள்ளே போனார்கள்.

நான் பின்னாலேயே நுழையப் போனேன். விரல் என் நெஞ்சுக்கு நேரே வந்து நின்றது. தலைவர் பார்த்துக்கொண்டிருக்க, காவலாளி எங்காவது ஓர் இடத்தில் தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

“தம்பி தனியா? குடும்பம் எங்க?”

எனக்கு எப்போதும் சுருக்கு வழிதான் பிடிக்கும். குரலைத் தாழ்த்தி, “குடும்பம் வெளியூர்ல…” என்று ஆரம்பித்தேன்.

“டேய்” என்று ஊஞ்சல் பக்கமிருந்து அம்மாவின் குரல் வந்தது. “பொய் சொல்லாம உள்ள வாடா.”